எரிமலையைச் சுற்றி ஒரு பயணம்: நெல்லைச் சீமையிலிருந்து பாலித் தீவுக்குத் திட்டமிடும் முறை

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் தெற்குக் கடற்கரையில் ஒரே விடுதியில் தங்கிக்கொண்டு, காலையில் வண்டியேறி மலைக்கும் கோயிலுக்கும் போய், இரவில் அதே அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். பயண முகவர்கள் விற்கும் ஐந்து நாள் தொகுப்புகளும் பெரும்பாலும் இவ்வாறே அமைக்கப்படுகின்றன. ஏறத்தாழ 5,780 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள தீவு என்பதால் இது போதும் என்று தோன்றக்கூடும். ஆனால் அந்தத் தீவின் நடுவே கிழக்கு மேற்காக எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் மென்மையான எரிமலை மண்ணை ஆழமாக அரித்துப் பள்ளத்தாக்குகளாக்கியிருப்பதால், தெற்குச் சரிவின் சாலைகள் பெரும்பாலும் மலையிலிருந்து கடலை நோக்கி இறங்குகின்றனவே தவிர, ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குக் குறுக்கே போவது அரிது. எனவே முப்பது கிலோமீட்டர் தொலைவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆவது அங்கே வழக்கம். ஒரே இடத்தில் தங்கித் தீவு முழுவதையும் பார்க்க நினைப்பவர் தம் விடுமுறையில் பாதியை வண்டிக்குள்ளேயே கழிப்பார். மலையை நடுவில் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி நான்கு இடங்களில் தங்கிச் செல்வதே முறையான திட்டம் என்பது என் கருத்து. அதற்குக் குறைந்தது எட்டு இரவுகள் வேண்டும். பத்து இருந்தால் நல்லது. ஐந்து நாட்களே கிடைக்கும் என்றால் சுற்றுப்பயணத்தைக் கைவிட்டு, தீவின் நடுப்பகுதியிலுள்ள உபுதிலும் எரிமலைப் பள்ளத்தின் விளிம்பிலுள்ள கிந்தாமணியிலும் மட்டும் தங்கித் திரும்புவது மேல்.

எந்த மாதத்தில் போவது

திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டே முக்கால் பாகை அளவில் இருக்கிறது. பாலியின் தலைநகரான தென்பசார் ஏறத்தாழ அதே அளவு தெற்கே இருக்கிறது. ஆகவே பகற்பொழுதின் நீளமும் கடற்கரையின் புழுக்கமும் நமக்குப் பழகியவையாகவே இருக்கும். பருவம் மட்டும் வேறு. அங்கே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பாலியின் மலையுச்சிகள் காலை நேரத்தில் பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். அம்மாதங்களில் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கூட்டம் வருவதால் அறைவாடகையும் ஏறிவிடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள குடும்பத்தினருக்கு மே மாதமே மிகவும் ஏற்றது: நமக்குக் கோடை விடுமுறை, அங்கே மழை ஓய்ந்து வயல்கள் இன்னும் பச்சையாக இருக்கும் நேரம், கூட்டமும் இன்னும் சேராத நேரம். காலாண்டு விடுமுறையும் பொருந்தும். அரையாண்டு விடுமுறையிலோ பொங்கல் விடுமுறையிலோ மலைப் பயணம் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிற்பகல் மழையில் மலைப்பாதைகள் வழுக்குவதோடு, விடியற்காலையில் ஏறிச் சென்றாலும் மேகத்தைத் தவிர வேறொன்றும் தெரியாமல் திரும்ப நேரலாம்.

மழை தீவெங்கும் ஒரே அளவில் பெய்வதில்லை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். மலைமேல் மாஞ்சோலையும் ஊத்தும் நனைந்துகொண்டிருக்கும்போது கீழே நாங்குநேரியும் ராதாபுரமும் காய்ந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாலியின் நடுமலைகளும் தெற்குச் சரிவுகளும் மழையை வாங்கிக்கொள்கின்றன. வடக்குக் கரையும் கிழக்குக் கோடியும் மழைமறைவில் வறண்டிருக்கின்றன. மழைமாதத்தில் போக வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் ஆமெட், லோவினா ஆகிய கரையூர்களில் கூடுதல் நாட்களை ஒதுக்கிக்கொள்ளலாம்.

மார்ச் மாதத்தில் பெரும்பாலும் வரும் நியெப்பி என்னும் மௌன நாளன்று விமான நிலையமே ஒரு நாள் முழுவதும் மூடப்படும். அன்று யாரும் தெருவில் இறங்கக் கூடாது. வெளிநாட்டவரும் விடுதி வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், இரவில் விளக்கொளி வெளியே தெரியக் கூடாது. பாலி நாட்காட்டிப்படி அது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அந்தத் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீட்டும் தாள்களும்

நெல்லைக்கு அருகில் வெளிநாட்டு விமானங்கள் வந்துபோகும் நிலையங்கள் திருவனந்தபுரமும் மதுரையும் ஆகும். பாலிக்குச் செல்வோருக்குத் திருவனந்தபுரமே வசதியானது. அங்கிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் சென்று விமானம் மாறலாம். நாகர்கோவில் வழியாகச் சாலையில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். தென்காசிப் பக்கத்தார் செங்கோட்டை, ஆரியங்காவு வழியே போகலாம் என்றாலும், கார்த்திகை பிறந்தது முதல் மகரவிளக்கு வரை அந்தச் சாலை ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் நிறைந்திருக்கும்; அக்காலத்தில் கூடுதலாக இரண்டு மணி நேரம் ஒதுக்குவது நல்லது. தூத்துக்குடி விமான நிலையம் உள்ள வாகைக்குளத்திலிருந்து சென்னை போய் அங்கிருந்து பறப்பதும் ஒரு வழிதான்.

சீட்டு எடுக்கும்போது ஒன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். திருவனந்தபுரத்திலிருந்து பாலி வரைக்கும் ஒரே பதிவில் சீட்டு எடுக்க வேண்டும். சிங்கப்பூர் வரை ஒன்று, அங்கிருந்து மற்றொன்று எனத் தனித்தனியாக எடுத்தால் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம்; ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது சீட்டு வீணாகும். எரிமலைச் சாம்பலால் விமானம் நிற்கும்போதும், ஒரே பதிவாக இருந்தால்தான் மாற்று விமானத்தில் ஏற்றும் பொறுப்பு விமான நிறுவனத்தைச் சேரும். மேலும், தனிச்சீட்டில் போகிறவர் சிங்கப்பூரில் பெட்டியை வெளியே எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருந்தால் குடிநுழைவைத் தாண்ட வேண்டும். இந்தியக் குடிமக்களுக்கு அதற்கு விசா வேண்டும். சிங்கப்பூர் வழியாகச் செல்வோர் மசாலாப் பொருட்களோடு கசகசாவைக் கட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. நம் வீட்டுக் குருமாவுக்கு அரைக்கிற அதே பொருள்தான், அங்கே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது.

பாஸ்போர்ட் வந்திறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இல்லையென்றால் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்தில் முன்கூட்டியே புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இந்தோனேசியா இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் விசா வழங்குகிறது. கட்டணம் 5,00,000 ருபியா, தங்கக்கூடிய காலம் 30 நாள், அதை ஒரு முறை நீட்டித்துக்கொள்ளலாம். அரசின் இணையதளத்தில் முன்பே கட்டிவிட்டால் வரிசையில் நிற்கும் நேரம் குறையும். 2024 பிப்ரவரி 14 முதல் பாலி மாகாண அரசு வெளிநாட்டுப் பயணிகளிடம் தலைக்கு 1,50,000 ருபியா தனியாக வசூலிக்கிறது. அதையும் புறப்படும் முன்பே கட்டி, ரசீதைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம். ருபியா நோட்டுகளில் சுழியங்கள் மிகுதி. பத்தாயிரமும் ஒரு லட்சமும் அவசரத்தில் மாறிப்போகும். தெருவோரத்தில் மிக உயர்ந்த விலையைப் பலகையில் எழுதிவைத்திருக்கும் பணமாற்றுக் கடைகளில் எண்ணும்போதே நோட்டுகள் மறைவது உண்டு. உரிமம் பெற்ற கடையில் மாற்றி, மேசையை விட்டு நகரும் முன் தாமே ஒரு முறை எண்ணிக்கொள்ள வேண்டும்.

சுற்றுப்பாதை

எந்தத் திசையில் சுற்றுவது என்பதை அழகு மட்டும் தீர்மானிப்பதில்லை, உடலும் தீர்மானிக்கிறது. காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்கி நீந்தியவர் (ஸ்கூபா) அடுத்த பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு விமானத்தில் ஏறக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். உயரமான மலைக்கு ஏறுவதற்கும் அதே எச்சரிக்கை பொருந்தும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. நீரின் அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், காற்றழுத்தம் குறைந்த உயரத்தில் குமிழியாக வெளிவருவதே இதற்குக் காரணம். கிழக்குக் கரையிலுள்ள துலாம்பெனில் காலையில் மூழ்கிவிட்டு மாலையில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரமுள்ள கிந்தாமணிக்கு ஏறுவது ஆபத்தான வரிசை. எனவே மலையை முதலிலும் கடலைப் பின்னரும் வைக்க வேண்டும். அதாவது உபுத், கிந்தாமணி, ஆமெட், வடகரை, பிறகு மேற்கு மலைச்சரிவு வழியாகத் தெற்கே இறங்குவது.

விமான நிலையம் தீவின் தென்கோடியில் ஒரு குறுகிய நிலப்பகுதியில் இருக்கிறது. அதற்கும் தெற்கே உள்ள புக்கிட் மேட்டுநிலம் சுண்ணாம்புப் பாறையால் ஆனது. நுசா துவாவின் மணல் வெண்மையாக இருப்பதற்கு அதுவும் பவளமுமே காரணம். எரிமலையைப் பார்க்கப் போகிறவர் அங்கே முதல் நாட்களைச் செலவிட வேண்டியதில்லை. நேரே உபுதுக்குச் சென்று இரண்டு இரவுகள் தங்கலாம். சந்தடி பிடிக்காதவர்கள் இன்னும் கிழக்கே, ஆகுங் மலைக்கு நேர் எதிரே உள்ள சிதெமன் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுக்கலாம். என் விருப்பம் அதுவே. பத்தாம் நூற்றாண்டு முதல் வழிபாட்டில் உள்ள தீர்த்த எம்புல் ஊற்றுக்கோயில், ஆகுங்கின் சரிவில் படிப்படியாக எழும் பெசாகி பெருங்கோயில் ஆகியவற்றை இங்கிருந்து பார்த்துவிடலாம். பெசாகியில் படிகள் மிகுதி என்பதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் காலை வெயில் ஏறும் முன் அழைத்துச் செல்ல வேண்டும். கோயில்களில் ஆண், பெண் இருவரும் இடுப்பில் துணி சுற்றி, அதன்மேல் ஒரு கச்சு கட்ட வேண்டும். நம் வேட்டியே பெரும்பாலும் போதும். நாமும் இந்துக்கள்தானே என்று உள்முற்றத்துக்குள் நுழைந்துவிடக் கூடாது. வழிபட வருகிறவர்களுக்கு மட்டும் என்று குறித்த இடங்கள் உண்டு. உள்ளூர் ஓட்டுநரிடம் கேட்டு நடப்பதே மரியாதை.

அடுத்தது கிந்தாமணி. இந்தப் பயணத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெனெலோகன் என்ற ஊரின் விளிம்பில் நின்றால், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெருவெடிப்பில் மலையின் மேற்பகுதி உள்ளே இடிந்து விழுந்ததால் உண்டான, பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு பெரும்பள்ளம் கண்முன் விரியும். அதன் நடுவில் 1,717 மீட்டர் உயரமுள்ள பத்தூர் மலை பிற்காலத்தில் எழுந்தது. அருகே பிறை வடிவில் ஏரி. மலையின் சரிவில் கறுப்பாக வழிந்து உறைந்திருப்பவை அண்மைக் காலத்து எரிகுழம்புகள். 1963இல் வழிந்ததும் அவற்றில் ஒன்று. 1926இல் எரிகுழம்பு பத்தூர் ஊரையே மூடியதால், மக்கள் தங்கள் கோயிலைப் பள்ளத்தின் விளிம்புக்குக் கொண்டுபோய்ப் புதிதாக அமைத்தார்கள். விளிம்பில் உள்ள ஊலுன் தானு பத்தூர் கோயில் அதுவே. பகலில் ஓர் உணவகத்தில் அமர்ந்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகும் கூட்டத்தில் சேராமல், ஓர் இரவேனும் இங்கே தங்க வேண்டும். பிற்பகலில் மேகம் மூடிவிடும். விடியற்காலையில்தான் பள்ளம் முழுவதும் தெளியும்.

பத்தூர் மலை ஏறுவோர் தோயா புங்காவிலிருந்து அதிகாலை நான்கு மணிக்கு முன்பே புறப்பட வேண்டும். ஏறுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். உள்ளூர் வழிகாட்டியின்றி விட மாட்டார்கள்; வாக்குவாதம் செய்து பயனில்லை, அந்தக் கட்டணத்தை முதலிலேயே செலவுக் கணக்கில் சேர்த்துவிடலாம். மேல்பகுதியில் எரிமலைச் சரளை காலடியில் சறுக்கும். செருப்பு உதவாது, பிடிப்புள்ள மூடிய காலணி வேண்டும். உச்சியில் காற்றும் குளிரும் கடுமை. நம் ஊரில் கம்பளிச் சட்டை இல்லாத வீடுகளே மிகுதி என்பதால் அதை மறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏற முடியாதவர்கள் ஜீப்பில் எதிர்ச்சரிவுக்குச் சென்று விடியலைப் பார்க்கலாம். ஆகுங் மலை இதுபோன்றதல்ல. மூவாயிரம் மீட்டரைத் தாண்டும் அந்த மலையில் ஏறப் பயிற்சியும் நல்ல வழிகாட்டியும் வேண்டும்; கோயில் விழாக் காலங்களில் ஏற்றம் தடைசெய்யப்படும். குடும்பப் பயணத்தில் அதைச் சேர்க்க வேண்டாம்.

தாமிரபரணிக் கரையில் நெல் விளைவிக்கும் குடும்பத்தினர் இன்னொன்றையும் கவனிக்கலாம். பத்தூர் ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஆறு எதுவும் இல்லை. நீர் எரிமலைப் பாறைக்குள் இறங்கிக் கீழ்ச்சரிவுகளில் ஊற்றாக வருகிறது என்று நம்பும் விவசாயிகள் அந்த ஏரிக்கோயிலைத் தங்கள் பாசனத்தின் தலைமடையாக மதிக்கிறார்கள். சுபக் என்னும் பாசனச் சங்கங்கள் எந்த வயல் எப்போது நீர் பெறும், எப்போது தரிசாகக் கிடக்கும் என்பதைக் கோயில் சடங்குகளோடு சேர்த்துத் தீர்மானிக்கின்றன. ஒரு பகுதி முழுவதும் ஒரே காலத்தில் தரிசாக விடப்படுவதால் பூச்சிகளும் எலிகளும் பெருகாமல் தடுக்கப்படுகின்றன. யுனெஸ்கோ 2012இல் இந்தப் பாசன நிலப்பரப்பை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதில் அடங்கிய ஜதிலுவி படிவயல்களைத் திரும்பும் வழியில் பார்க்கலாம்.

கிந்தாமணியிலிருந்து கிழக்கே இறங்கினால் ஆமெட்டும் துலாம்பெனும் வரும். கருமணல் கரை, வறண்ட குன்றுகள், பின்னால் ஆகுங். துலாம்பென் கரையிலிருந்து முப்பது மீட்டர் அளவிலேயே லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டுக் கரையேற்றப்பட்ட அந்தக் கப்பலைக் கடலுக்குள் தள்ளியது 1963இல் நிகழ்ந்த ஆகுங்கின் சீற்றம். மேற்பகுதி ஆழம் குறைந்த நீரில் இருப்பதால், மூச்சுக்குழாய் வைத்து நீந்துகிறவர்களும் அதைப் பார்க்கலாம். இங்கே இரண்டு இரவுகள் வேண்டும்.

பிறகு வடகரைச் சாலையில் மேற்கே செல்லலாம். கடலை ஒட்டிய சமதளச் சாலை என்பதால் மூழ்கியவர்களுக்கும் இடர் இல்லை. லோவினாவில் விடியற்காலையில் டால்பின் பார்க்க அழைப்பார்கள். பல படகுகள் சேர்ந்து அவற்றைத் துரத்துவதுதான் அங்கே நடப்பது, நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஓர் இரவு ஓய்ந்துவிட்டு, காப்பியும் கிராம்பும் விளையும் முண்டுக் மலைச்சரிவுக்கு ஏறி, தம்பிலிங்கான், புயான், பெரதான் ஏரிகளைக் கடந்து தெற்கே இறங்கிவிடலாம்.

வண்டியைப் பொறுத்தவரை, ஓட்டுநரோடு கூடிய காரை நாள் வாடகைக்கு அமர்த்துவதே சரி. இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் இருசக்கர வண்டி எடுக்க இளைஞர்களுக்கு ஆசை வரும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெற்ற பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, அதிலும் இருசக்கர வண்டிக்கான ஒப்புதல் இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது.

உணவில் சோறும் தேங்காயும் மிளகாயும் இருப்பதால் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. சைவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: காய்கறிக் குழம்பிலும் மிளகாய்த் துவையலிலும் தெராசி என்னும் இறால் விழுது சேர்ப்பது வழக்கம். தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தாவு (சோயாப் பாலாடைக்கட்டி), கடோ-கடோ (வேர்க்கடலைச் சாறு ஊற்றிய காய்கறிக் கலவை) ஆகியவற்றைத் தெராசி இல்லாமல் கேட்டு வாங்கலாம். ஒரு பொட்டலம் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் வடகரையில் பெருந்துணையாகும்.

மலை விழித்துக்கொண்டால்

இந்தோனேசிய எரிமலை ஆய்வு மையம் ஒவ்வொரு மலைக்கும் நான்கு படி எச்சரிக்கை வைத்திருக்கிறது: முதற்படி இயல்பு நிலை, இரண்டாவது வஸ்படா, மூன்றாவது சியாகா, நான்காவது அவாஸ். மையத்தின் மக்மா இந்தோனேசியா இணையதளத்தில் இதைப் பார்க்கலாம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், அங்கே இருக்கும்போது நாள்தோறும் பத்தூர், ஆகுங் இரண்டின் படியையும் பார்க்க வேண்டும். இரண்டாம் படியில், மலையைச் சுற்றி யாரும் நுழையக் கூடாது என்று குறித்த விலக்கு வட்டத்துக்குள் போகாமல் பயணத்தைத் தொடரலாம். மூன்றாம் படி வந்தால் அந்த மலையின் பக்கம் போட்ட பதிவுகளைக் கைவிட வேண்டும். 1963இல் ஆகுங் வெடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2017 செப்டம்பரில் நான்காம் படி அறிவிக்கப்பட்டதும் லட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். நவம்பர் இறுதியில் விமான நிலையம் இரண்டு நாட்களுக்கு மேல் மூடப்பட்டது.

பாலியின் மலைகள் அமைதியாக இருந்தாலும் அண்டைத் தீவுகளின் சாம்பல் வந்து சேரும். 2015இல் ஜாவாவின் ராவுங்கும் லொம்பொக்கின் ரிஞ்சானியும், 2024 நவம்பரில் புளோரெசின் லெவொதொபியும் பாலி விமானங்களை நிறுத்தின. சாம்பலில் உள்ள சிலிக்கா எஞ்சினின் வெப்பத்தில் உருகி உள்ளே படிந்துவிடும் என்பதால், விமானிகள் இதில் துணிந்து பார்ப்பதில்லை. 1982இல் ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த ஒரு ஜம்போ விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நடுவானில் நின்றுபோய், கீழே இறங்கிய பிறகே மீண்டும் இயங்கின.

ஆகவே மூன்று முன்னேற்பாடுகள் வேண்டும். பயணக் காப்பீட்டைச் சீட்டு எடுக்கும் நாளிலேயே எடுத்து, அதில் எரிமலைச் சாம்பலால் ஏற்படும் தாமதம் அடங்குகிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை வெளியான பிறகு எடுத்த காப்பீடு அந்த நிகழ்வுக்குப் பயன்படாது. கடைசி இரவை விமான நிலையத்துக்கு அருகே, சனூரிலோ ஜிம்பரானிலோ வைக்க வேண்டும். ஊருக்குத் திரும்பிய மறுநாளே கல்யாண வீடோ தேர்வோ அலுவலகமோ இல்லாதபடி இரண்டு நாட்களை வெறுமையாக விட வேண்டும். விமானம் நின்றுவிட்டால் விடுதியில் இருந்தபடியே விமான நிறுவனத்தின் செயலியில் மாற்றுத் தேதி கேட்டுவிட்டு, விசாவில் எத்தனை நாள் எஞ்சியுள்ளது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வந்திறங்கிய நாளும் முப்பதில் ஒன்றாகக் கணக்கிடப்படும், மிஞ்சித் தங்கினால் நாளொன்றுக்கு 10,00,000 ருபியா அபராதம்.